புட்டியில் இல்லாத பாகு: மாம்பழப் பான விளம்பரங்களும் சித்தூர்க் கூழும்

மாம்பழப் பான விளம்பரங்களில் திரும்பத் திரும்ப வரும் காட்சி ஒன்று உண்டு. மேலிருந்து ஒரு பொன்னிறத் திரவம் கயிறு போல இறங்குகிறது. கீழே தொட்ட இடத்தில் உடனே கலந்துவிடாமல், பட்டுத்துணி மடிவது போல இரண்டு மூன்று மடிப்புகளாக விழுந்து, பிறகு மெல்லத் தளர்ந்து சமமாகிறது. அதன் ஓரங்களில் ஒளி உட்புகுந்து ஆரஞ்சு நிறமாகக் கனிகிறது. மேற்பரப்பில் ஒரு வெண்கோடு நெளிகிறது. அதே பானத்தைக் கடையில் வாங்கிக் கண்ணாடிக் குவளையில் ஊற்றினால் கயிறும் இல்லை, மடிப்பும் இல்லை. சற்றே கலங்கிய நீரைப் போல அது விழுகிறது, தெறிக்கிறது, ஓரத்தில் சிறு குமிழிகளை விடுகிறது. இயற்பியல் நோக்கில் படத்தில் இருப்பதும் புட்டியில் இருப்பதும் இரு வேறு பாய்மங்கள்.

இதனைப் பொய் என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. விளம்பரம் மிகைப்படுத்தும் என்பது யாருக்கும் புதிய செய்தியன்று. ஆயினும் இங்கே நடப்பது வெறும் மிகை அல்ல. படத்தில் உள்ள திரவத்துக்கு நெருங்கிய உறவுடைய பொருள் ஒன்று உண்மையிலேயே உலகில் இருக்கிறது. நுகர்வோர் அதனைக் கண்ணால் காண்பதில்லை. ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் அது ஆண்டுதோறும் உற்பத்தியாகி, டிரம்களில் அடைபட்டு, லாரிகளில் ஏறிப் போகிறது. அதன் பெயர் மாங்கூழ். அந்தக் கூழின் கனத்தை விளம்பரப் படம் எப்போது, எந்தக் கருவிகளைக் கொண்டு கடன் வாங்கியது, கடன் கொடுத்த ஊருக்கு அதனால் என்ன கிடைத்தது என்பவை வரலாற்றுக் கேள்விகள்.

முதலில் ஊரைப் பார்க்கலாம். இந்தியாவில் மாங்கூழ் ஆலைகள் செறிந்திருக்கும் இரு பெரும் பகுதிகள் சித்தூரும் தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரியும். இரண்டும் ஏறத்தாழ ஒரே நிலத்தொடர்ச்சியில் உள்ளவை; 1953-இல் ஆந்திர மாநிலம் பிரியும்வரை இரண்டும் சென்னை மாகாணத்துக்குள்தான் இருந்தன. ஆலைகளுக்குப் போகும் பழத்தில் பெரும்பங்கு ஒரே இரகம். அதன் பெயர்களே ஒரு சிறு சொல்லாராய்ச்சிக்கு இடம் தரும். ‘தோத்தாபுரி’ என்பதில் உள்ள ‘தோதா’ இந்தியில் கிளியைக் குறிக்கும். தமிழில் ‘கிளிமூக்கு’, கன்னடத்தில் ‘கிணிமூத்தி’. நுனியில் வளைந்த அலகு போன்ற முனையைக் கண்ட மூன்று மொழியினரும் தனித்தனியாகவோ ஒருவரைப் பார்த்து ஒருவரோ ஒரே பறவையை நினைத்திருக்கிறார்கள். இவற்றுக்கு அப்பால் ‘பெங்களூரா’ என்று நகரத்தின் பெயராலும் ‘கலெக்டர்’ என்று அதிகாரியின் பெயராலும் இதே பழம் அறியப்படுகிறது.

இந்த இரகம் ஆலைக்கு உகந்ததாவதற்குக் காரணம் சுவை அன்று. ஆண்டு தவறாமல் காய்க்கும், விளைச்சல் மிகுதி, தோல் தடிப்பு, சதை இறுக்கம் ஆகியவற்றால் லாரிப் பயணத்தைத் தாங்கும், விலை குறைவு. மணத்திலும் நிறத்திலும் அல்போன்சோவுக்கு ஈடாகாது. ஆகவே உயர்விலைக் கலவைகளில் அல்போன்சோக் கூழ் சிறிதளவு சேர்க்கப்படுவதுண்டு. ஆனால் பானத் தொழிலின் அடித்தளம் கிளிமூக்குத்தான். ஜூன், ஜூலை மாதங்களில் தாமலசெருவு, பங்காருபாளையம் சந்தைகளிலிருந்து டிராக்டர்கள் ஆலை வாயில்களில் வரிசைகட்டி நிற்கும். பழம் கழுவப்பட்டு, கொட்டை நீக்கப்பட்டு, சல்லடை உருளைகளில் அரைபட்டு, வெப்பமூட்டப்பட்டு, நுண்ணுயிர் நீக்கிய பைகளில் அடைக்கப்பட்டு, இருநூறு கிலோவுக்கு மேல் கொள்ளும் டிரம்களுக்குள் இறங்குகிறது. இயல்பான கூழில் கரைந்திருக்கும் சர்க்கரை முதலிய திடப்பொருள், பிரிக்ஸ் என்னும் அளவையில் ஏறத்தாழ 14 முதல் 16 பாகை. நீரை ஆவியாக்கிச் செறிவூட்டினால் அது 28 பாகையாகும்.

இந்தச் செறிந்த கூழை நேரில் காண்பவர் ஒன்றைக் கவனிப்பார். அது தேனைப் போல ஒழுகுவதில்லை. சும்மா இருக்கும்போது இறுகிக் குவியலாக நிற்கும், கலக்கினால் இளகும், சாய்த்தால் சற்றுத் தயங்கிப் பிறகு கட்டியாக வழுவும். நார்த்துணுக்குகளும் செல்சுவர் எச்சங்களும் நிறைந்த இத்தகைய பொருள்களை நியூட்டன் விதிக்கு அடங்காத பாய்மங்கள் என்பர். தக்காளி சாஸ் இதற்கு அன்றாட எடுத்துக்காட்டு. கூழ் ‘கெட்டியாக’ இருக்கிறது என்ற ஒற்றைச் சொல் இந்த நடத்தையை முழுதாகச் சொல்லிவிடாது. விளம்பரம் எடுத்துக்கொண்டது அந்த ஒற்றைச் சொல்லை மட்டும்தான் என்பது கீழே தெளிவாகும்.

மொழி இங்கே விளம்பரத்தைவிடக் கூர்மையாக இருந்திருக்கிறது. தமிழில் சாறு வேறு, கூழ் வேறு, பாகு வேறு. பிழிந்தால் வருவது சாறு. மசித்தால் வருவது கூழ். காய்ச்சினால் திரள்வது பாகு. சொல்லுக்குள்ளேயே செய்முறை அடங்கியிருக்கிறது. தெலுங்கிலும் ‘ரசம்’, ‘குஜ்ஜு’ என்ற பாகுபாடு உண்டு. சித்தூர் வட்டாரத்தில் ஆலைப்பொருள் ‘மாமிடி குஜ்ஜு’ என்றே வழங்குகிறது. உணவுச் சட்டமும் பழச்சாறு, பழ நெக்டர், பழப்பானம் என்று வகை பிரித்தே பேசுகிறது. கடைத்தெருவில் மட்டும் இவை அனைத்தும் ‘ஜூஸ்’ என்ற ஒரே சொல்லுக்குள் கரைந்துவிட்டன. சொல்லில் கரைந்த வேறுபாடு படத்தில் எப்படிக் கரைந்தது என்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலான முன்கதை உண்டு.

திரவத்தின் ஒரு கணத்தைப் பிடித்து வைக்கும் முயற்சி விளம்பரத்துக்காகத் தொடங்கியதன்று. ஆங்கிலேய இயற்பியலாளர் ஆர்தர் வொர்திங்டன் 1870-களிலிருந்து பாலும் பாதரசமும் துளியாக விழுந்து தெறிப்பதை ஆராய்ந்துவந்தார். இருட்டறையில் ஒரு மின்பொறி ஒளிரும் கணத்தில் கண்ணில் பதிந்ததை அவர் கையால் வரைந்தார். அந்த ஓவியங்களில் தெறிப்பு எப்போதும் ஒழுங்கான மகுடமாக, எல்லாத் திசையிலும் சமமாக இருந்தது. 1894-இல் அதே கணத்தை ஒளிப்படமாக எடுக்க அவரால் முடிந்தபோது அதிர்ச்சி காத்திருந்தது. உண்மையான தெறிப்புகள் கோணலானவை. ஒரு பக்கம் உயர்ந்து, மறுபக்கம் உடைந்து, ஒன்றைப்போல் மற்றொன்று இல்லாதவை. தாம் இத்தனை ஆண்டுகள் வரைந்தது தம் மனம் திருத்திய உருவங்களையே என்பதை அவர் உணர்ந்தார். அறிவியலில் புறவயநோக்கு உருவான வரலாற்றை எழுதுபவர்கள் இந்நிகழ்ச்சியை அடிக்கடி எடுத்துக்காட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. 1908-இல் வெளியான அவரது நூல் ஒளிப்படங்களால் நிரம்பியது.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஹெரால்டு எட்ஜர்ட்டன் 1930-களில் மின்பொறி விளக்கைச் செம்மைப்படுத்தி எடுத்த பால்துளி மகுடம் உலகப்புகழ் பெற்றது. 1957-இல் அதன் வண்ணப்படிமம் வந்தது. அதற்காக அவர் எடுத்துக் கழித்த படங்கள் ஏராளம். வொர்திங்டன் கையால் திருத்திய ஒழுங்கை எட்ஜர்ட்டன் பொறுமையால் தேடிப் பிடித்தார் எனலாம். விளம்பர ஒளிப்படக்கலை பின்னர் பின்பற்றியது அறிவியலின் கோணல் தெறிப்பை அல்ல, இந்த மகுடத்தைத்தான்.

மேசைமீது உணவைப் படம்பிடிக்கும் கலை வளர்ந்தபோது திரவங்களுக்கு மாற்றுகள் பெருகின. தானிய உணவுக் கிண்ணத்தில் பாலுக்குப் பதில் வெள்ளைப் பசை. அப்பத்தின் மேல் பாகுக்குப் பதில் எந்திர எண்ணெய். குளிர்ந்த புட்டியின் மேல் வியர்வைத் துளிகளுக்குக் கிளிசரின். உருகாத பனிக்கட்டிக்கு அக்ரிலிக். இவற்றைக் கேலியாகச் சொல்வது வழக்கம். ஆனால் சுடும் விளக்குகளின் கீழ் மணிக்கணக்கில் நிற்க வேண்டிய பொருளுக்கு இவை தொழில்முறைத் தேவைகளாகவே தோன்றின. சிக்கல் எங்கே தொடங்குகிறது என்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1965-இல் ஓரளவு தெளிவாக்கியது. கோல்கேட்-பாமாலிவ் நிறுவனத்தின் சவரக் களிம்பு உப்புத்தாளையே மழித்துவிடுவதாகத் தொலைக்காட்சியில் காட்டப்பட்டது. உண்மையில் அது மணல் தூவிய கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகடு. ஐஸ்கிரீமுக்குப் பதில் மசித்த உருளைக்கிழங்கைக் காட்டுவதும் இதேதானே என்ற வாதம் எழுந்தது. உருளைக்கிழங்கு அங்கே சாட்சியாக நிறுத்தப்படவில்லை என்பது நீதிமன்றம் கண்ட வேறுபாடு. பார்ப்பவரின் கண்ணையே சான்றாக அழைத்துவிட்டு, கண்ணுக்கு முன் வேறொன்றை வைப்பதுதான் ஏமாற்று. 1970-இல் கேம்ப்பெல் நிறுவனம், காய்கறித் துண்டுகள் மேலே தெரிவதற்காகச் சூப்புக் கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிகளைப் போட்ட வழக்கும் இதே தன்மையது. அங்கே திரவம் உண்மை. அதன் ஆழம்தான் பொய்.

இந்தக் கைவினைத் தந்திரங்கள் எல்லாம் ஒரு வகையில் நேர்மையானவை என்றுகூடச் சொல்லத் தோன்றும். பசை பசையாகவே பாய்ந்தது. எண்ணெய் எண்ணெயின் விதிப்படியே விழுந்தது. மாற்றுப்பொருளுக்கும் ஒரு பிடிவாதம் இருந்தது. அந்தப் பிடிவாதத்தை நீக்கியது கணினி.

சிமுலேஷன் எனப்படும் கணினிப் பாவனையின் அடிப்படை பழையது. பாகுநிலை உடைய பாய்மத்தின் இயக்கத்துக்கான சமன்பாடுகளை பிரெஞ்சுப் பொறியாளர் நேவியர் 1822-இலும் ஸ்டோக்ஸ் 1845-இலும் வகுத்தனர். அவற்றைத் தீர்ப்பதுதான் கடினம். தீர்க்கும் வழிகள் எங்கிருந்து வந்தன என்பது வியப்பூட்டுவது. இடத்தைச் சிறு கட்டங்களாகப் பகுத்து, திரவம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை அடையாளத் துகள்களால் தொடரும் முறையை ஹார்லோவும் வெல்ச்சும் 1965-இல் வெளியிட்டார்கள். அவர்கள் பணியாற்றியது அணுகுண்டு பிறந்த லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில். கட்டங்களே இல்லாமல் துகள்களை மட்டும் கொண்டு பாய்மத்தைக் கணிக்கும் முறை 1977-இல் விண்மீன்களை ஆராய்பவர்களிடமிருந்து வந்தது. இரண்டையும் கலந்து, துகள் வேகத்தைச் சுமக்கக் கட்டம் அழுத்தத்தைக் கணக்கிடும் ‘ஃப்ளிப்’ முறை 1986-இல் மீண்டும் லாஸ் அலமாஸிலிருந்தே வந்தது. இன்று திரையில் விழும் மாம்பழப் பாகுக்குப் பின்னால் குண்டும் விண்மீனும் இருக்கின்றன.

இவற்றைப் படக்கலைக்குக் கொண்டுவந்தவர்களின் நோக்கம் துல்லியம் அன்று, தோற்றம். ஃபாஸ்டரும் மெட்டாக்சஸும் 1996-இல் ஹார்லோ-வெல்ச் முறையை அசைவூட்டத்துக்கு ஏற்றார்கள். 1999-இல் ஜோஸ் ஸ்டாம் முன்வைத்த முறை எவ்வளவு பெரிய கால அடியை எடுத்தாலும் கணக்கு வெடித்துச் சிதறாமல் நிலைத்து நின்றது. விலையாகச் சுழல்கள் சற்று மழுங்கின. அதனைத் தோற்றத்துக்காகப் பொறுத்துக்கொண்டார்கள். 2001-இல் ‘ஷ்ரெக்’ படத்தின் சேற்றுக் குளியல் வந்தது. 2002-இல் என்ரைட், மார்ஷ்னர், ஃபெட்கிவ் ஆகியோரின் கட்டுரையில் கண்ணாடிக் குவளைக்குள் நீர் ஊற்றப்படும் காட்சி இடம்பெற்றது; விளம்பரத் துறை காத்திருந்த காட்சி அதுவே. ஜூவும் பிரிட்சனும் 2005-இல் ‘ஃப்ளிப்’ முறையைப் படக்கலையில் நிலைநிறுத்தினர். அவர்களின் கட்டுரை மணலைத் திரவமாகக் கணிப்பது பற்றியது என்பது ஒரு வேடிக்கை. தேன்போன்ற திரவம் விழுமிடத்தில் வளைந்து சுருளும் நடத்தையைச் சரியாகக் கணிக்கும் வழியை பேட்டியும் பிரிட்சனும் 2008-இல் தந்தனர். முதற்பத்தியில் சொன்ன பட்டு மடிப்பு கணினியில் நம்பத்தக்கதாக அமையத் தொடங்கியது இக்காலத்தில்தான்.

கருவிகளும் கைமாறின. மாட்ரிட் நகரில் 1998-இல் வெளிவந்த ‘ரியல்ஃப்ளோ’ மென்பொருள் பல ஆண்டுகள் விளம்பரக்கூடங்களின் முதன்மைக் கருவியாக இருந்து, 2008-இல் ஆஸ்கர் அமைப்பின் தொழில்நுட்ப விருதையும் பெற்றது. பின்னர் ‘ஹூடினி’ வந்தது. 2020-இல் இலவச மென்பொருளான ‘பிளெண்டர்’ தன் 2.82-ஆம் பதிப்பில் இதே வகைக் கணிப்பியைச் சேர்த்துக்கொண்டது. அதன்பின் சித்தூரிலோ வேலூரிலோ ஒரு கல்லூரி மாணவர் தம் மேசைக்கணினியில் பாகை ஊற்றிப் பார்ப்பதற்குத் தடையாக இருந்தது நேரம் மட்டுமே.

அசைவு பாதி, மீதி ஒளி. பால், கூழ், தோல் முதலியவை கண்ணாடி போல ஒளியை நேரே விடுவதுமில்லை, சுவர் போலத் திருப்புவதுமில்லை. உள்ளே புகுந்த ஒளி பலமுறை சிதறி, புகுந்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி வெளிவருகிறது. ஓரம் கனிந்து தெரிவதன் காரணம் இதுவே. இதனை எளிய கணக்கில் அடக்கும் மாதிரியை ஜென்சனும் மூவரும் 2001-இல் வெளியிட்டபோது அவர்களின் அளவீட்டு அட்டவணையில் பாலும் க்ரீமும் தக்காளி சாஸும் இருந்தன. 2006-இல் சீனிவாச நரசிம்மன், ரவி ராமமூர்த்தி, ஸ்ரீ நாயர் உள்ளிட்டோர் மேலும் சென்று பால், ஒயின், பீர், பழச்சாறு, குளிர்பானம், ஷாம்பு என்று கடை அலமாரியையே அளந்தார்கள். அவர்களின் வழி நேர்த்தியானது. அடர்ந்த திரவத்தில் ஒளி பலமுறை சிதறுவதால் அளக்க முடியாது. ஆகவே ஒரு தொட்டி நீரில் சில துளிகளை விட்டு, ஒளி ஒருமுறை மட்டும் சிதறும் அளவுக்கு நீர்க்கச் செய்து படமெடுத்தார்கள். பின் கணக்கால் அடர்வை மீட்டார்கள். பான ஆலையும் கூழை நீரில் கலக்கிறது. படக்கூடம் கணக்கால் மீண்டும் கெட்டியாக்குகிறது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரு செயல்கள் இப்படி எதிரெதிராக நிற்பது தற்செயல்தான். ஆனாலும் சுட்டாமல் விட மனம் வராத தற்செயல்.

நிலையான ஒரு விளம்பரப் படத்துக்குப் பாகை எப்படிச் செய்கிறார்கள் என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயனுடையது. முதலில் புட்டி. நிறுவனத்தின் வடிவ வரைபடத்திலிருந்து அது முப்பரிமாணத்தில் உருவாக்கப்படும். பின்னர் திரவம் சுரக்கும் ஊற்று ஒன்று வைக்கப்படும். பாகுநிலை, பரப்பு இழுவிசை, அடர்த்தி, ஈர்ப்புவிசை ஆகியவை தனித்தனி எண்கள். படம் ஒன்றே ஒன்றானாலும் அதற்கு முந்தைய நூற்றுக்கணக்கான கணங்கள் கணிக்கப்பட வேண்டும். திரவத்தின் இந்த நொடி முந்தைய நொடியின் விளைவு என்பதால் குறுக்குவழி இல்லை. இரவு முழுதும் கணித்த கணங்களை மறுநாள் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்து, ஒரு மகுடமோ ஒரு மடிப்போ அழகாக அமைந்த கணம் தேர்ந்தெடுக்கப்படும். எட்ஜர்ட்டனின் பொறுமை இங்கே வேறு வடிவில் தொடர்கிறது.

ஆனால் தேர்வோடு நிற்பதில்லை. திரவம் புட்டியைச் சுற்றி நாடாவாகச் சுழல வேண்டுமானால் ஒரு வளைகோட்டை வரைந்து, துகள்கள் அதனைப் பின்பற்றுமாறு விசை ஏற்றப்படும். அவ்விடத்தில் ஈர்ப்புவிசை நீக்கப்படும். துகள்கூட்டத்தின் மேல் வலைப்பரப்பு போர்த்தப்பட்டு மழமழப்பாக்கப்படும். கண்ணாடியும் திரவமும் தொடுமிடத்தில் நூலிழை இடைவெளி இருந்தாலும் ஒளிவிலகல் தவறாகி, காற்றுப் படலம் போல் தெரியும். அதனால் திரவம் கண்ணாடிச் சுவருக்குள் சிறிதளவு புதைக்கப்படும். மெய்யுலகில் நடக்க முடியாத இந்தப் புதைப்புத்தான் படத்தில் மெய்போலத் தெரிகிறது. கடைசியாக நிறம். நிறம் அசைவிலிருந்து முற்றிலும் பிரிந்தது. ஒரே ஊற்றலை மாம்பழமாகவும் சாக்லேட்டாகவும் வண்ணப்பூச்சாகவும் விற்கலாம், விற்கிறார்கள்.

திரவத்தை ஓடவிடாமல் ஆள்வது படக்கலைக்குப் புதியதன்று. திருப்பதியை அடுத்த ஸ்ரீகாளஹஸ்தியில் கலம்காரி ஓவியர்கள் துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் நனைத்து உலர்த்துவார்கள். பாலின் கொழுப்பு நூலில் ஏறி, மூங்கில் எழுதுகோலிலிருந்து இறங்கும் இரும்பு-வெல்லக் கருமை பரவாமல் தடுக்கும். அங்கே ஒரு திரவத்தைக் கட்டுப்படுத்துவது மற்றொரு திரவம். இரண்டுமே கையில் ஒட்டும். அவ்வூரின் புறத்தே இன்று ஒரு கொக்கோ-கோலா ஆலை இயங்குகிறது.

இந்தியப் பான விளம்பரங்களில் பாகின் ஆட்சி உச்சத்தை எட்டியது 2008-இல் தொடங்கிய ஸ்லைஸ் விளம்பரத் தொடரில். கத்ரீனா கைஃப் தோன்றிய அத்தொடர், பானத்தைத் தாகத்தின் மொழியிலிருந்து இச்சையின் மொழிக்கு மாற்றியது. தாகத்துக்கு நீர்மை போதும். இச்சைக்கு மெதுவாக வழியும் கனம் தேவைப்பட்டது. 1976-இல் அறிமுகமாகி 1993-இல் கொக்கோ-கோலாவின் கைக்குச் சென்ற மாஸாவும், 1985-இல் வந்த ஃப்ரூட்டியும் வெவ்வேறு வழிகளில் சென்றன. குறிப்பாக ஃப்ரூட்டி 2015-இல் சாக்மைஸ்டர்-வால்ஷ் வடிவமைப்பகத்தைக் கொண்டு பொம்மை மனிதர்களும் பெரிய மாம்பழங்களும் கொண்ட நிறுத்து-அசைவு உலகை உருவாக்கியது. நம்பத்தக்க திரவத்துக்கான போட்டியிலிருந்து அது விலகிக்கொண்டது என்றே கொள்ள வேண்டும். வெளிப்படையாகப் பொம்மையாக இருப்பது பொய் சொல்லாமல் இருக்க ஒரு நல்ல வழி.

எல்லா விளம்பரங்களிலும் திரவம் கணினியில் பிறந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. படப்பிடிப்பும் கணிப்பும் ஒரே சட்டகத்துக்குள் தைக்கப்படுகின்றன. கருத வேண்டியது வேறொன்று. பாகு என்பது ஓர் எண்ணாக ஆனபின், அந்த எண்ணுக்கும் புட்டிக்குள் இருப்பதற்கும் எந்தக் கட்டாயத் தொடர்பும் இல்லை. கூழின் உண்மையான நடத்தைக்கும் அதற்கும் தொடர்பில்லை. பெரும்பாலும் ஒரே நிலையான பாகுநிலையையே ஏற்றுகிறார்கள். ஆகவே படத்தில் வருவது கூழின் கனமும் தேனின் ஒழுக்கமும் வண்ணப்பூச்சின் பளபளப்பும் சேர்ந்த மூன்றாவது திரவம். நாரும் கட்டியும் அதில் இல்லை. வொர்திங்டன் தம் கண்ணிலிருந்து களைந்த சமச்சீர், நூறாண்டு கழித்து மென்பொருளின் முன்னமைவாகத் திரும்பியிருக்கிறது.

சட்டம் இதனைத் தொடுவது ஓரளவுதான். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, எலுமிச்சை நீங்கலாக, உடனே அருந்தும் பழப்பானத்தில் பழச்சாறு குறைந்தது 10 விழுக்காடு இருந்தால் போதும். சிலர் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். எனினும் பெரும்பகுதி நீரும் சர்க்கரையும்தான். 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. 2024 ஜூனில் உணவுப் பாதுகாப்பு ஆணையம், செறிவூட்டிய சாற்றை மீண்டும் நீர் சேர்த்து விற்கும் பொட்டலங்களில் ‘100 விழுக்காடு பழச்சாறு’ என்ற சொற்களை நீக்கச் சொன்னது. இவை சொற்களைக் கண்காணிக்கின்றன. படத்துக்கு வாய்த்தது, பொட்டலத்தின் மூலையில் எறும்பெழுத்தில் வரும் ‘கிரியேட்டிவ் விஷுவலைசேஷன்’ என்ற ஒரு தொடர் மட்டுமே. 1965-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் அளவுகோலை வைத்துப் பார்த்தால் கேள்வி கூர்மையாகிறது. ஒரு மாம்பழப் பானத்தின் விளம்பரத்தில் கெட்டித்தன்மை வெறும் அலங்காரமா, சாட்சியா? பழம் நிறைய இருக்கிறது என்பதைச் சொல்லாலன்றி மடிப்பால் சொல்லும் படம், பார்ப்பவரின் கண்ணையே சான்றுக்கு அழைக்கிறது என்பதே சரியான விடையாகத் தோன்றுகிறது.

10 விழுக்காட்டின் பொருளைச் சித்தூரிலிருந்து கணக்கிட்டுப் பார்க்கலாம். இயல்பான கூழ் 200 லிட்டர் கொண்ட டிரம் ஒன்றிலிருந்து, குறைந்தபட்ச அளவில், 2,000 லிட்டர் பானம் செய்யலாம். அதுவே 28 பாகைச் செறிவூட்டிய கூழானால் அளவு ஏறத்தாழ இரட்டிப்பாகும். விழுக்காட்டில் ஒரு புள்ளி ஏறினாலும் இறங்கினாலும் அது பழத்தோட்டத்தில் டன் கணக்கில் தெரியும். 2014 செப்டம்பரில் தும்கூர் உணவுப் பூங்காவைத் திறந்துவைத்த பிரதமர், குளிர்பான நிறுவனங்கள் தம் பானங்களில் 5 விழுக்காடு பழச்சாறு சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டதன் பின்னணி இதுவே. அதற்கு முன்பே, 2011-இல், கொக்கோ-கோலாவும் ஜெயின் இரிகேஷனும் சித்தூரில் ‘உன்னதி’ என்ற பெயரில் மிக அடர்த்தியான மாந்தோப்புத் திட்டத்தைத் தொடங்கியிருந்தன. வழக்கமாக ஏக்கருக்கு 40 மரங்கள் நிற்கும் நிலத்தில் 600-க்கும் மேற்பட்ட கன்றுகளை நடும் முறை அது. 2015 ஏப்ரலில் சத்தியவேடு அருகே ஸ்ரீசிட்டியில் பெப்சிகோவின் பெரிய பான ஆலை திறக்கப்பட்டது. மரங்கள் கூடின, ஆலைகள் கூடின. புட்டிக்குள் கூழின் பங்கு அதே வேகத்தில் கூட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. கெட்டித்தன்மையைப் படம் பார்த்துக்கொண்டது.

2025 பருவத்தில் கணக்கு உடைந்தது. முந்தைய ஆண்டின் கூழ் விற்காமல் தேங்கிக் கிடப்பதாக ஆலைகள் கூறின. பழ வரத்தோ மிகுந்திருந்தது. கிளிமூக்கின் விலை சரிந்தபோது ஆந்திர அரசு கிலோவுக்கு 12 ரூபாய் என்று அறிவித்தது: ஆலைகள் 8 ரூபாய் தர வேண்டும், அரசு 4 ரூபாய் தரும். ஜூன் மாதம் சித்தூர் மாவட்ட நிர்வாகம் பிற மாநிலத் தோத்தாபுரி உள்ளே வருவதைத் தடைசெய்தது; கர்நாடக முதலமைச்சர் அதனை எதிர்த்துக் கடிதம் எழுதினார். எல்லைக்கு அப்பால் கோலார் பகுதி உழவர்களும் இதே ஆலைகளை நம்பியே பயிரிட்டிருந்தனர். ஆலைகள் அந்த 8 ரூபாயைத் தரவில்லை என்ற புகார்கள் எழுந்தன. ஜூலையில் பங்காருபாளையம் சாலையில் பழங்கள் கொட்டப்பட்டன. வண்டிச்சக்கரங்கள் அவற்றின் மேல் ஏறிச் சென்றன.

அந்தச் செய்திப்படங்களில் கிளிமூக்கின் அலகு தெளிவாகத் தெரிந்தது. விளம்பரங்களில் புட்டியின் பக்கத்தில் வைக்கப்படும் மாம்பழத்துக்குப் பெரும்பாலும் உருண்ட தோளும் சிவந்த கன்னமும் இருக்கும், அலகு இருக்காது. முப்பரிமாணப் பொருள்களை விற்கும் தளங்களில் ‘மாம்பழம்’ என்று தேடினால் கிடைப்பவையும் பெரும்பாலும் அந்த உருண்டை வடிவங்களே. அதனால் பாகு மட்டுமன்றிப் பழமும் வேறொன்றாகவே படத்துக்குள் நுழைகிறது. சித்தூர்ச் சாலையில் நசுங்கிய பழத்திலிருந்து வெளிவந்தது நாரும் கட்டியுமான மஞ்சள் கூழ். அது மடியவில்லை, சுருளவில்லை; விழுந்த இடத்தில் குவியலாக நின்று, வெயிலில் கறுத்தது.